பருவமழையும் பூசலும்: காவிரி உடன்பாடுகளின் வரலாற்றில் வறட்சியின் இடம்

1. முன்னுரை

மழை பொய்த்தால் நாட்டில் பூசல் மிகும் என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. புவி வெப்பமுற்றுப் பருவங்கள் நிலைமாறிவரும் இக்காலத்தில் அக்கருத்து மேலும் வலுப்பெற்றுள்ளது. வறட்சியும் வெள்ளமும் நாடுகளின் அமைதியைக் குலைக்கும் என அரசியல் அறிஞரும் படைத்துறை வல்லுநரும் எச்சரித்து வருகின்றனர். இக்கருத்து முற்றிலும் பொய்யன்று. முற்றிலும் மெய்யும் அன்று. காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுகளின் குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை, கடுமையான காலநிலை நிகழ்ச்சிகள் பூசலுக்குத் துணைக்காரணமாதல் உண்டு எனவும், ஆயினும் ஏனைய பொருளியல், சமூகக் காரணங்களோடு ஒப்பிடுமிடத்து அவற்றின் ஆற்றல் குறைவே எனவும் கூறுகிறது. அங்ஙனமாயின், மழைக்குறை எப்பொழுது பூசலாகிறது, எப்பொழுது பூசலாகாது ஒழிகிறது என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவைப் பொதுவாக ஆராய்வதினும் ஓர் ஆற்றின் வரலாற்றில் வைத்து ஆராய்தல் பயனுடைத்து. அதற்குக் காவிரியினும் சிறந்த களம் நமக்கு வேறில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாற்றின் பொருட்டு உடன்பாடுகளும் வழக்குகளும் தீர்ப்புகளும் எழுத்து வடிவில் தொடர்ந்து கிடைக்கின்றன. அவற்றை மழைபெய்த ஆண்டுகளோடும் மழைபொய்த்த ஆண்டுகளோடும் வைத்து ஒப்புநோக்கின், மழைக்குறை பூசலுக்குரிய வாய்ப்பை மட்டுமே தருகிறது என்பதும், குறையைப் பகிர்ந்துகொள்ளும் முறை முன்னரே வகுக்கப்பட்டிருந்ததா என்பதே அவ்வாய்ப்பின் விளைவைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதும் புலனாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆறும் இரு பருவங்களும்

காவிரி குடகு நாட்டில் பிரமகிரி மலையில் தலைக்காவிரி என்னுமிடத்தில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. அதன் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இப்பரப்பின் பெரும்பகுதியைத் தமிழ்நாடும் கருநாடகமும் தம்முள் பகிர்ந்துகொண்டுள்ளன. எஞ்சிய சிறுபகுதி கேரளத்தையும், காரைக்கால் வழியாகப் புதுச்சேரியையும் சார்ந்தது.

இவ்வாற்றின் இயல்பை அறிய விரும்புவோர் அதனை வளர்க்கும் இரு பருவங்களையும் அறிதல் வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. தஞ்சைச் சமவெளியிலோ பெருமழை வடகிழக்குப் பருவமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்யும். ஆதலின், சோழநாட்டு வானம் வறண்டிருக்கும் ஆடித் திங்களில் எங்கோ பெய்த மழை புதுப்புனலாக வந்து குறுவை வயலை நனைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையின் தொடக்கத்தில், மழை தவறிய காலத்தும் காவிரி தவறாது என்னும் கருத்தை அமைத்துள்ளார். இதனைப் புலவர்க்கு இயல்பான புனைந்துரை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு பருவம் ஏமாற்றினும் மற்றொரு பருவம் காக்கும் என்னும் நில இயல் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

இவ்வமைப்பே சமவெளியின் செல்வத்துக்குக் காரணம். பூசலுக்குரிய வாயிலும் இதுவே. தென்மேற்குப் பருவம் குறைந்த ஆண்டில் மேலைப் பகுதி உழவர்க்கும் கீழைப் பகுதி உழவர்க்கும் ஒரே திங்களில் ஒரே நீர் தேவைப்படுகிறது. மேலையோர் தம் கண்முன் உள்ள அணையில் நீர் தாழ்வதைக் காண்கின்றனர். கீழையோர் நாற்றங்கால் காய்வதைக் காண்கின்றனர். வடகிழக்குப் பருவம் தொடங்குதற்கு இன்னும் பல வாரங்கள் உள்ளன. ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இவ்விரு திங்களே காவிரி வரலாற்றில் இடர்மிக்கவை என்பது பின்னர்க் காட்டப்படும் செய்திகளால் தெற்றெனப் புலனாகும்.

3. பண்டைச் செய்திகள்

மேல்நாட்டார் நீரை மறிப்பர் என்னும் அச்சம் பழமையானது. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணி, இரண்டாம் இராசராசன் சையமலையை ஊடறுத்துக் காவிரிக்கு வழி வகுத்தான் எனப் போற்றுகிறது. பரணி நூலின் புகழுரையைக் கல்வெட்டுச் சான்றுபோல் கொள்ளுதல் தகாது. எனினும், ஆற்றை வரவிட்டவன் என்பது ஓர் அரசனுக்குரிய பெரும்புகழாகக் கருதப்பட்டது என்பதை அஃது ஐயமின்றிக் காட்டுகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் செய்தி ஒன்று ஈண்டுக் கருதற்பாலது. மைசூரைச் சிக்கதேவராயர் ஆண்ட காலத்தில் காவிரியின் குறுக்கே அணை எழுப்பப்பட்டதால் கீழ்நாட்டிற்கு நீர் வரத்துக் குறைந்தது. மதுரையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இராணி மங்கம்மாளும் தஞ்சை மராட்டிய மன்னர் சாகசியும், தம்முள் பகை உடையவராயிருந்தும், மைசூரின்மேல் ஒருங்கே படையெடுக்க எண்ணினர். படை செல்லுதற்கு முன்னரே பெருமழை பெய்து அவ்வணை உடைந்தது, போரும் தவிர்ந்தது. இதனைப் பாதிரிமார் கடிதங்களைத் துணைக்கொண்டு மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். இச்செய்தியில் இரண்டு உண்மைகள் உள்ளன. நீர்க்குறை பகைவரையும் ஒன்றுசேர்க்க வல்லது என்பது ஒன்று. போரைத் தவிர்த்தது எவ்வகை உடன்பாடும் அன்று, மழையே என்பது மற்றொன்று. மழையால் வந்த அமைதி மழை உள்ளளவுமே நிற்கும்.

4. 1892, 1924 உடன்பாடுகள்

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் ஒருங்கே வாட்டியது. 1881இல் மைசூர் மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பஞ்சத்தின் வடு ஆறாத அந்நாடு ஏரிகளைப் புதுக்குவதிலும் புதிய பாசனப் பணிகளைத் தொடங்குவதிலும் கருத்துச் செலுத்தியது இயல்பே. அப்பணிகளால் தன் பழம்பாசனம் குறையும் எனச் சென்னை அரசு அஞ்சியது. இதன் பயனாக 1892 பிப்ரவரி 18இல் முதல் உடன்பாடு தோன்றியது. குறிப்பிட்ட ஆறுகளில் புதிய பாசனப் பணிகளைத் தொடங்குமுன் மைசூர் சென்னையின் இசைவைப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். பஞ்சம் இங்கே போரை விளைக்கவில்லை. ஓர் ஆவணத்தை விளைத்தது. ஆயினும் அவ்வாவணம் சமநிலையில் இருந்த இருவர் செய்துகொண்டது அன்று. ஒருவர் பேரரசின் மாகாணம். மற்றவர் அப்பேரரசுக்கு அடங்கிய சிற்றரசு. பின்னாளில் கருநாடகம் எழுப்பிய மனக்குறைக்கு இந்நிலையே வித்தாயிற்று.

1910ஆம் ஆண்டளவில் கண்ணம்பாடியில் ஓர் அணை எழுப்ப மைசூர் முற்பட்டது; அப்பணியின் உயிராக விளங்கியவர் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா. சென்னையும் மேட்டூரில் அணை கட்டும் எண்ணம் கொண்டிருந்தது. வழக்குக் கிரிஃபின் என்னும் நடுவரிடம் சென்றது. 1914இல் அவர் அளித்த தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. பின்னர் இரு அரசுகளும் நெடுநாள் பேசி, 1924 பிப்ரவரி 18இல் இரண்டாம் உடன்பாட்டைச் செய்துகொண்டன. அதன்வழிக் கண்ணம்பாடியில் கிருட்டிணராசசாகரமும், 1934இல் நிறைவெய்திய மேட்டூர் அணையும் உருப்பெற்றன.

1924 உடன்பாட்டின் ஒரு கூறு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. கண்ணம்பாடியில் இத்துணை நீரைத் தேக்கலாம், இத்துணை நீரை விடவேண்டும் என ஒரே எண்ணை மட்டும் அது கூறி அமையவில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த மேலணையில் நீர்மட்டம் ஒவ்வொரு திங்களுக்கும் குறித்த அளவை எட்டும் வகையில் நீர் விட்ட பின்னரே மேலே தேக்கலாம் என்னும் ஒழுங்குமுறையை அது வகுத்தது. அஃதாவது, ஆற்றின் அன்றாட நிலையே உரிமையின் அளவுகோலாக அமைந்தது. ஆறு குறைந்தால் தேக்கும் உரிமையும் தானே குறையும். இம்முறை கீழ்நாட்டிற்கே மிகுதியும் சார்பாயிருந்தது என்னும் குற்றச்சாட்டை மறுத்தற்கில்லை. எனினும், எண்ணைக் காட்டிலும் ஓட்டத்தை நோக்கிய முறை அது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

உடன்பாடு கையெழுத்தான அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே காவிரியிலும் கேரள ஆறுகளிலும் பெருவெள்ளம் பெருகியது. பற்றாக்குறையை எண்ணிப் பல்லாண்டு வாதிட்ட இரு அரசுகளும் ஐந்து திங்களுக்குள் வெள்ளத்தைக் கண்டன. மனிதர் வகுத்த அளவுக்குள் ஆறு அடங்குவதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

5. ஐம்பது ஆண்டு முடிவும் ஓர் எண்ணின் பிறப்பும்

1924 உடன்பாட்டின் சில கூறுகளை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மீளாய்வு செய்யலாம் என அதனுள்ளேயே விதி இருந்தது. அவ்வாண்டு 1974. இடைக்காலத்தில் நாடு விடுதலை பெற்றது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டன. குடகு மைசூரோடு இணைந்தது. கருநாடகம் கபினி, ஏமாவதி, ஆரங்கி முதலிய துணையாறுகளில் அணைகளை எழுப்பியது. உடன்பாடே காலாவதியாயிற்று என்று கருநாடகமும், மீளாய்வுக்குரியன சில கூறுகளே, உடன்பாடு நிலைத்துள்ளது என்று தமிழ்நாடும் கூறின. 1972இல் உண்மை அறியும் குழு ஒன்று அமைந்து நீரளவுகளைத் திரட்டிய போதிலும், மீளாய்வு நாள் வந்தபொழுது இரு மாநிலத்தாரும் ஒப்பிய புதுமுறை எதுவும் ஆயத்தமாக இல்லை.

தமிழ்நாடு 1986இல் நடுவர் மன்றம் அமைக்குமாறு வேண்டியது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 1990 சூன் 2இல் காவிரி நடுவர் மன்றம் நிறுவப்பட்டது. 1991 சூன் 25இல் அம்மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆண்டுதோறும் மேட்டூரை 205 டி.எம்.சி. நீர் வந்தடையுமாறு கருநாடகம் செய்யவேண்டும் என்பதும், கருநாடகத்தின் பாசனப் பரப்பு 11.2 இலட்சம் ஏக்கருக்கு மேற்படலாகாது என்பதும் அதன் சாரம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

இவ்வாணையில் திங்கள்தோறும் விடவேண்டிய அளவு இருந்தது. பருவம் தவறிய ஆண்டில் அவ்வளவை எங்ஙனம் குறைத்துப் பகிர்வது என்பதற்கு வகுத்தமைத்த வாய்பாடு இல்லை. கருநாடக அரசு அவசரச் சட்டம் ஒன்றால் ஆணையைத் தடுக்க முயன்றது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, அச்சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் நவம்பரில் உரைத்தது. டிசம்பர் 11இல் இடைக்கால ஆணை நடுவண் அரசிதழில் வெளிவந்தது. மறுநாள் தொடங்கிப் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்மீது பெருங்கலவரம் மூண்டது. உயிர்கள் பல அழிந்தன. வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பல்லாயிரவர் தமிழ்நாட்டை நோக்கி ஓடிவந்தனர்.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் வேண்டும். கலவரம் நிகழ்ந்தது டிசம்பரில். தென்மேற்குப் பருவம் முடிந்து நெடுநாள் கழிந்தபின். அன்று கலவரத்தைத் தூண்டியது வயலில் கண்ட வெடிப்பன்று. அரசிதழில் அச்சான ஓர் எண். வரும் வறட்சியில் என்ன நேருமோ என்னும் அச்சமே அன்றைய சினத்தின் வேராயிருந்தது. கலவரத்தில் துன்புற்றோர் பெரும்பாலும் கூலித் தொழிலாளரும் சிறுவணிகரும் ஆவர். காவிரியில் அவர்க்கு ஒரு குழி நிலமும் இல்லை. மழைக்குறை வயலில் நேர்வது. வன்முறையோ நகரில் நேர்ந்தது. இவ்விடைவெளியை விளக்காத எக்கொள்கையும் காலநிலைக்கும் பூசலுக்கும் உள்ள தொடர்பை விளக்கியதாகாது.

6. மழை தவறிய நான்கு ஆண்டுகள்

1992 முதல் 1994 வரை மழை நன்கு பெய்தது. பூசலும் அடங்கியது. இடைக்கால ஆணையின் எண் மாறவில்லை. ஆயினும் எவரும் அதனைப் பற்றிப் பேசவில்லை. இதனால் முறை செம்மையாயிற்று என்று கருதுதல் பிழை. முறையின் குறை நீருள் மறைந்திருந்தது என்பதே பொருத்தம்.

1995இல் பருவம் குறைந்தது; மறைந்திருந்த குறையும் வெளிப்பட்டது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு நடுவர் மன்றத்துக்கும் தலைமை அமைச்சருக்கும் சென்றது. 1998இல் தலைமை அமைச்சரைத் தலைவராகவும் முதலமைச்சர்களை உறுப்பினராகவும் கொண்ட காவிரி நதிநீர் ஆணையம் அமைக்கப்பட்டது. அரசியல் தலைவர்களே உறுப்பினராதலின், தம் மாநிலத்துக்குக் குறையை ஏற்றுக்கொண்டேன் என அவருள் எவரும் கூற இயலாது என்பது இவ்வமைப்பின் பெருங்குறையாகும்.

2002இல் தென்மேற்குப் பருவம் இந்திய நாடு முழுமையும் தவறியது. செப்டம்பர்த் திங்களில் உச்ச நீதிமன்றம் நாளொன்றுக்கு 1.25 டி.எம்.சி. விடுமாறு ஆணையிட்டது, ஆணையம் கூடி அதனை 0.8 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. மண்டியாவில் உழவர் கிளர்ந்தெழுந்தனர். கபினி நீர்த்தேக்கத்தில் உழவர் ஒருவர் குதித்து உயிர்நீத்தார். ஒரே திங்களில் இரு அமைப்புகள் இருவேறு அளவுகளைக் கூறியமை, அளவுக்கு அடிப்படையான முறை ஒன்று இல்லாமையையே காட்டுகிறது.

இவ்வின்னலுக்கு இடையே ஒரு நற்செய்தியும் உண்டு. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர் சனகராசன் முதலியோரின் முயற்சியால் இரு மாநில உழவரும் ஒருங்கு கூடிக் ‘காவிரிக் குடும்பம்’ என்னும் அவையை அமைத்தனர். ஒருவர் வயலை ஒருவர் சென்று கண்டனர். அவ்வவைக்குச் சட்ட ஆற்றல் இல்லை. இறுதி வாய்பாட்டை அது வகுத்திலது. ஆயினும், ஒரே வறட்சியில் துன்புற்ற இரு திறத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து பேச இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. வறட்சி தன் இயல்பிலேயே பகையை விளைப்பதாயின் இக்கூட்டம் நிகழ்ந்திராது.

2007 பிப்ரவரி 5இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. ஆற்றின் மொத்த நீர் 740 டி.எம்.சி. எனக் கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பங்கிட்டது. எஞ்சிய 14 சூழலைக் காத்தற்கும் கடலுக்குத் தவிர்க்கவியலாது செல்வதற்கும் ஒதுக்கப்பட்டது. பற்றாக்குறை ஆண்டில் எல்லார் பங்கும் ஒத்த விகிதத்தில் குறைக்கப்படும் என்னும் நெறியும் இத்தீர்ப்பில் இடம்பெற்றது. நெறி பிறந்தது, அதனை நிறைவேற்றும் அமைப்புப் பிறக்கவில்லை. 2012இல் மழை மீண்டும் குறைந்து வழக்கு முற்றிய பின்னரே, 2013 பிப்ரவரியில் இத்தீர்ப்பு அரசிதழில் வெளிவந்தது.

2016இல் இடைவெளியின் விளைவு கொடியதாயிற்று. செப்டம்பர் 5இல் உச்ச நீதிமன்றம் பத்து நாள்களுக்கு நொடிக்கு 15,000 கன அடி வீதம் விடுமாறு ஆணையிட்டது. 12ஆம் நாள் அதனை 12,000 கன அடியாகக் குறைத்து, காலத்தை நீட்டித்தது. அன்றே பெங்களூரில் வன்முறை மூண்டு, தமிழ்நாட்டைச் சார்ந்த பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் எரிக்கப்பட்டன. நகரில் ஊரடங்கு இடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமும் தமிழ்நாட்டில் வழக்கமான அளவினும் 62 விழுக்காடு குறைந்தது. ஒரு பருவம் ஏமாற்றின் மற்றது காக்கும் என்னும் பண்டை நம்பிக்கை அவ்வாண்டு பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாடு முழுமையும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

7. 2018க்குப் பின்

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது. கருநாடகத்தின் பங்கு 14.75 டி.எம்.சி. உயர்ந்து 284.75 ஆயிற்று, தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆகக் குறைந்தது. எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கருநாடகம் விடவேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என வரையறுக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் திங்களில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன. இவை பெரும்பாலும் அலுவலரும் பொறியாளரும் அடங்கிய அவைகள். ஆகஸ்டில், 1924இல் நிகழ்ந்தது போலவே, குடகிலும் கேரளத்திலும் பெருமழை பெய்து காவிரி பெருக்கெடுத்தது. முக்கொம்பில் மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்தன.

புதிய அமைப்பின் உண்மையான தேர்வு 2023இல் வந்தது. அவ்வாண்டின் ஆகஸ்டுத் திங்கள், 1901 முதல் கிடைக்கும் இந்திய மழைப் பதிவுகளில் மிகவும் வறண்ட ஆகஸ்டாக அமைந்தது. கருநாடகத்தின் பெரும்பாலான வட்டங்கள் வறட்சிக்குரியனவாக அறிவிக்கப்பட்டன. ஒழுங்காற்றுக் குழு சில வாரங்களுக்கு ஒருமுறை கூடி, அணைகளின் நீர்வரத்தைக் கணக்கிட்டு, முதலில் நொடிக்கு 10,000 கன அடி எனவும், பின்னர் 5,000 எனவும், செப்டம்பர் இறுதியில் 3,000 எனவும் படிப்படியாகக் குறைத்துப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் முடிவில் தலையிட மறுத்தது. 26ஆம் நாள் பெங்களூரிலும் 29ஆம் நாள் கருநாடகம் முழுமையிலும் கடையடைப்பு நிகழ்ந்தது. தஞ்சைச் சமவெளியில் குறுவைப் பயிர் கருகியது. இரு திறத்தாரும் மனநிறைவு பெறவில்லை. ஆயினும் 1991இலும் 2016இலும் கண்ட தீவைப்பும் கொலையும் நிகழவில்லை.

இதற்குக் காவல்துறையின் முன்னேற்பாடு முதலிய காரணங்களும் உண்டு. ஒரே சான்றைக்கொண்டு ஒரு நெறியை நாட்டுதல் ஆராய்ச்சி முறையன்று. எனினும் ஒப்புமை தெளிவானது. 2016இலும் 2023இலும் ஆறு ஒன்றே, திங்கள் ஒன்றே, குறையும் கடுமையானதே. வேறுபட்டது, குறையை அளந்து பகிரும் அமைப்பு ஒன்று இருந்தமை. தீர்ப்பு ஒரே நாளில் இடிபோல் விழாமல், வாரந்தோறும் அளவையாக வந்தமையால், சினத்துக்கு ஒரு நாள் குறிக்க இயலாதாயிற்று எனலாம்.

8. காலநிலை மாற்றமும் உடன்பாட்டின் அடித்தளமும்

இனி, வருங்காலத்தை நோக்குவோம். நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தது எனவும், அக்குறைவு கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறிப்பிடத்தக்கது எனவும் கூறுகிறது. காவிரியின் தாயகம் அம்மலையே. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்களும் இந்தியப் பெருங்கடல் வெப்பமுற்றதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. வருங்காலத்திலோ, வெப்பம் மிக மிகக் காற்று ஏந்தும் ஈரம் மிகுதலின், பருவமழை மொத்தத்தில் கூடும் எனவும், ஆண்டுக்காண்டு அதன் ஏற்றத்தாழ்வும் மிகும் எனவும் அறிவியலார் கணிக்கின்றனர். நீண்ட வறட்சியும் திடீர்ப் பெருமழையும் அடுத்தடுத்து வருமாயின், சராசரி அளவு என்பது பொருளிழந்த சொல்லாகிவிடும். அணை நிரம்பியபின் பெய்யும் மழை எவர் பங்கிலும் சேராது கடலைச் சேரும்.

ஈண்டு ஒரு நுட்பம் உணர்தற்குரியது. 740 டி.எம்.சி. என்னும் அளவு, ஐம்பது விழுக்காடு நம்பகத்தன்மை உடையது எனத் தீர்ப்பு கூறுகிறது. அஃதாவது, இரண்டு ஆண்டுகளில் ஓராண்டு மட்டுமே அவ்வளவு நீரை எதிர்பார்க்கலாம். அங்ஙனமாயின் பற்றாக்குறை என்பது விதிவிலக்கன்று, விதியின் மறுபாதி. மேலும், 1930களின் இடைப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை ஆற்றில் அளக்கப்பட்ட நீரோட்டமே அவ்வெண்ணுக்கு அடிப்படை. கடந்துபோன ஒரு காலநிலையை அளந்து எழுதிய எண்ணால் வருங்காலநிலையின் நீரைப் பங்கிடுகிறோம் என்பதை நாம் மறத்தலாகாது. பங்கின் எண்ணைப் பற்றிப் பல்லாண்டு வாதிட்டுள்ளோம். குறையின் வாய்பாட்டைப் பற்றி வாதிட்டது அதனினும் மிகக் குறைவு.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை. மழைக்குறையும் வன்முறையும் எப்பொழுதும் ஒருசேர வருவன அல்ல: 1991இல் கலவரம் மழைக்குறையின் உச்சத்தில் நிகழவில்லை, 2023இல் கடும் மழைக்குறை இருந்தும் பெருங்கலவரம் நிகழவில்லை. மழை மிகுந்த ஆண்டுகளின் அமைதி முறையின் சிறப்பைக் காட்டுவதன்று. அது கடன்வாங்கிய அமைதி. நிலையான எண்ணைக் கூறும் ஆணை வறட்சியில் முறிகிறது. ஆற்றின் ஓட்டத்தோடு இயைந்து குறையும் முறை வளைந்து நிற்கிறது. காலநிலை மாற்றம் இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கும்.

2018 தீர்ப்பின் பங்கீடு பதினைந்து ஆண்டுகளுக்கு நிலைபெறும் என உச்ச நீதிமன்றம் குறித்துள்ளது. அக்காலம் 2033இல் நிறைவுறும். 1924 உடன்பாட்டின் மீளாய்வு நாள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்தும், 1974இல் எவரும் ஆயத்தமாக இல்லை. அதன் விலையை 1991இல் ஆற்றோடு தொடர்பில்லாத ஏழை மக்கள் கொடுத்தனர். 2033 அங்ஙனம் வருதல் ஆகாது. நீரளவை நூல்களையும், ஊர்தோறும் உள்ள பாசன ஆவணங்களையும், மழைப் பதிவுகளையும், கன்னட மொழியிலுள்ள சான்றுகளையும் ஒருங்குவைத்து, குறை நேர்ந்த ஆண்டுகளில் மக்கள் தம்முள் எங்ஙனம் நீரைப் பகிர்ந்துகொண்டனர் என்பதை இரு மொழி அறிஞரும் கூடி ஆராய்தல் வேண்டும். வெள்ளமும் வறட்சியும் நம் கையில் இல்லை. வறட்சி வருமுன் அதனைப் பகிரும் முறையை எழுதிவைத்தல் நம் கையில் உள்ளது. காவிரியின் அமைதி வானத்தை நோக்கி இருப்பதினும் அவ்வெழுத்தை நோக்கி இருத்தலே பாதுகாப்பு என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு.